காலையில் பால் பண்ணை, மாலையில் பயிற்சிக்கூடம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பயிற்றுநர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுப்பது இன்று அதிசயமில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தின் நிக் சேபன் அப்படிப் பெற்றவர். இந்தச் சம்பளம் தகுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஜான் வுடனின் பெயரும் கூடவே வரும்.

1910ல் இந்தியானா மாநிலத்தில் பிறந்த வுடன், பண்ணை வீட்டில் வளர்ந்தவர். பர்டியூ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். பின்னர் பள்ளியில் ஆங்கில ஆசிரியர், போர்க்காலத்தில் கடற்படை, அதன்பின் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரி. 1947ல் அவரது குழுவுக்கு ஒரு தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கறுப்பின ஆட்டக்காரர் கிளாரன்ஸ் வாக்கருக்கு இடமில்லை என்றதும், அழைப்பையே மறுத்துவிட்டார். மறு ஆண்டு தடை நீங்கியது, வாக்கரும் களமிறங்கினார்.

1948ல் லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் அவரை ஆண்டுக்கு 6,000 டாலர் சம்பளத்தில் அமர்த்தியது. குடும்பச் செலவுக்கு அது போதவில்லை. தொடக்க ஆண்டுகளில் காலையில் ஒரு பால் பண்ணையில் விநியோக வேலை பார்த்துவிட்டு, பிற்பகலில் பயிற்சிக்கு வருவார். கூடமோ புழுக்கமானது, மற்ற விளையாட்டினருடன் பகிர வேண்டியது. தரையைத் தாமே துடைத்த நாள்களும் உண்டு.

இரண்டே ஆண்டுகளில் பர்டியூ அதிகச் சம்பளத்துடன் அழைத்தது. வுடனுக்கும் போக ஆசைதான். ஆனால் மூன்றாண்டு ஒப்பந்தம் வேண்டும் என்று வற்புறுத்தியவரே அவர். அதை நிர்வாகம் நினைவூட்டியதும் தங்கிவிட்டார்.

முதல் 15 பருவங்களில் ஒரு தேசியப் பட்டம்கூட இல்லை. இன்றைய கோடிக்கணக்கான ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் ஐந்தாம் ஆண்டிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 1964ல் முதல் பட்டம் வந்தது. பின்னர் 1975க்குள் மொத்தம் 10 பட்டங்கள், அவற்றில் 7 தொடர்ச்சியாக. இடையில் 88 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. கோடைகால முகாம் வருமானம் நீங்கலாக, அவரது சம்பளம் 35,000 டாலரைத் தாண்டவில்லை.

சம்பளம் குறைவு என்பதால் அங்கே பணமே விளையாடவில்லை என்று சொல்லிவிட முடியாது. செல்வந்த ஆதரவாளர் ஒருவர் ஆட்டக்காரர்களுக்குச் செய்த சலுகைகள் பின்னாளில் அம்பலமாயின. வுடன் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டார் என்ற குறை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

1975ல் ஓய்வுபெற்ற அவர், 2010ல் தமது 99வது வயதில் காலமானார். யுசிஎல்ஏ ஆடுகளத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முன்வந்தபோது, மறைந்த மனைவி நெல்லின் பெயர் முதலில் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இன்றும் அந்தக் களத்தின் பெயர் நெல் அண்ட் ஜான் வுடன் கோர்ட்.