கோ. நடேசய்யர்

கோதண்டராம நடேசய்யர் (1887 - நவம்பர் 7, 1947) இலங்கையின் மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்க இயக்கத்தைத் தொடங்கிய முன்னோடியும், இதழாசிரியரும், எழுத்தாளரும், அரசியல்வாதியும் ஆவார். தஞ்சாவூரைச் சேர்ந்த இவர் இலங்கையில் குடியேறி, சட்டவாக்கப் பேரவையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் உறுப்பினராக இருந்தார். கூலிகளாக அழைத்து வரப்பட்டவர்கள் வேலை முடிந்ததும் திரும்பிச் செல்ல வேண்டிய வெளியார் அல்லர், அந்நாட்டின் உரிமையுள்ள மக்கள் என்பதே இவரது பொதுவாழ்வின் அடிப்படையாக இருந்தது.

பின்புலம்

நடேசய்யரின் பணியைப் புரிந்துகொள்ள, தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நிகழ்ந்த தொழிலாளர் இடப்பெயர்வை அறிந்திருத்தல் வேண்டும். 1820களில் பிரித்தானியர் இலங்கையின் மலைப்பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினர். கண்டிச் சிங்கள விவசாயிகள் தம் நிலத்தை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. அதே காலத்தில் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளில் வறட்சி, நிலவரி, கடன், சாதி அடிமைமுறை ஆகியவற்றால் நலிந்த மக்கள் பிழைப்புத் தேடிக்கொண்டிருந்தனர். இவ்விரண்டு காரணங்களும் சேர்ந்து பாக்கு நீரிணையின் இருகரைகளையும் இணைத்தன. தொண்டி, இராமேசுவரம் முதலிய துறைகளிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்தவர்கள், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். காலரா முதலிய நோய்களால் வழியிலேயே மாண்டவர் பலர்.

கோப்பி பருவகாலப் பயிர். ஆதலால் தொழிலாளரில் பெரும்பாலானோர் அறுவடைக்கு வந்து, பின் ஊர் திரும்பினர். 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோயினால் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்ததும் நிலைமை மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும்; அதற்குப் பெண்களின் உழைப்பும் தேவை. எனவே ஆண்கள் மட்டும் வந்து போன நிலை மாறி, குடும்பங்கள் தோட்ட லயங்களிலேயே தங்கத் தொடங்கின. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 5 இலட்சத்தைத் தாண்டினர். பயிர் மாறியதால் வந்துபோகும் கூட்டம் குடியிருக்கும் மக்களாயிற்று. சட்டமும் தோட்ட நிர்வாகமும் மட்டும் அவர்களைத் தற்காலிகக் கூலிகளாகவே தொடர்ந்து கருதின.

ஆட்களைத் திரட்டும் பொறுப்பு கங்காணிகளிடம் இருந்தது. கங்காணி தன் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் முன்பணம் கொடுத்து அழைத்து வருவார். வழிச்செலவு உட்பட அனைத்தும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்படும். அக்கடன் தொகையைக் குறித்த சீட்டு துண்டு எனப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளி, கடனை அடைத்து விடுவிக்கும் புதிய துரையைத் தேட வேண்டும். கடன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அவனுடனேயே சென்றது. ஒப்பந்தத்தை மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு.

இலங்கை வருகை

நடேசய்யர் 1887 இல் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பெற்ற இவர், தஞ்சாவூரில் வணிகர்களுக்கான வர்த்தகமித்திரன் என்ற இதழை நடத்தினார். வணிகம், கணக்கியல் ஆகிய துறைகளில் தமிழில் நூல்களும் எழுதினார். கொழும்பில் வாழ்ந்த இந்திய வணிகர்களுடன் இவ்விதழால் ஏற்பட்ட தொடர்பே இவரை 1915 இல் முதன்முதலில் இலங்கைக்கு அழைத்து வந்தது.

அப்பயணத்தில் தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் காண இவர் விரும்பினார். ஆனால் தோட்டங்கள் தனியார் நிலங்கள். துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே நுழைவது அத்துமீறல் குற்றமாகும். தொழிலாளரின் உறவினருக்கும் இக்கட்டுப்பாடு இருந்தது. எனினும் துணி விற்கும் வியாபாரிகள் லயங்களுக்குச் சென்றுவர முடிந்தது. எனவே நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணி மூட்டையுடன் லயங்களுக்குள் சென்று தொழிலாளரைச் சந்தித்தார் என்று இவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர் கூறுவர். அந்த அனுபவத்தின் பின்னர், ஏறத்தாழ 1920 ஆம் ஆண்டளவில் இவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார்.

இதழியல்

கொழும்பில் மருத்துவர் ஈ. வி. இரத்தினத்துடன் இணைந்து 1921 இல் தேசநேசன் இதழின் ஆசிரியரானார். பின்னர் 1924 இல் தேசபக்தன் இதழைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் சிட்டிசன் என்ற இதழையும் நடத்தினார். துரைமாருக்கும் அரசு அதிகாரிகளுக்கும் எட்ட வேண்டிய செய்தியை ஆங்கிலத்திலும், தொழிலாளர் அறிய வேண்டியதைத் தமிழிலும் எழுதுவது இவரது வழக்கமாயிற்று.

தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் எழுத்தறிவு பெறாதவர்கள். எனவே எழுதியது படித்துக் காட்டப்படுவதற்கும் பாடிக் காட்டப்படுவதற்கும் ஏற்றதாக இருக்க வேண்டியிருந்தது. இப்பணியில் இவருடைய மனைவி மீனாட்சி அம்மாளின் பங்கு பெரிது. அவர் தேசபக்தன் ஆசிரியப் பணியில் பங்கேற்றதுடன், தொழிலாளர் நிலையைப் பற்றிய பாடல்களை இயற்றித் தோட்டப்புறக் கூட்டங்களில் பாடினார். அவரது பாடல்கள் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற பெயரில் 1940 இல் நூலாக வெளிவந்தன.

சட்டவாக்கப் பேரவையில்

1920களின் தொடக்கத்தில் சில சீர்திருத்தங்கள் நிகழ்ந்தன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் முயற்சியாலும், இந்தியாவில் எழுந்த எதிர்ப்பாலும், 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. 1922 இல் இந்தியா நிறைவேற்றிய குடிபெயர்வுச் சட்டம், தொழிலாளரை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு நிபந்தனைகளை விதித்தது. தொழிலாளரை வரவழைக்க வேண்டுமானால் அவர்களது கூலியையும் நிலைமையையும் ஒழுங்குபடுத்த வேண்டிய கட்டாயம் இதனால் இலங்கை அரசுக்கு ஏற்பட்டது.

நடேசய்யர் 1925 இல் நடந்த இடைத்தேர்தலில் இந்தியருக்கான இடத்துக்குத் தெரிவாகி, 1931 வரை சட்டவாக்கப் பேரவையில் உறுப்பினராக இருந்தார். 1927 ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி வரையறுக்கப்பட்டு, 1929 இல் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என அது அமைந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது என்று கருதிய நடேசய்யர், கூலி, வேலைநேரம், கடன் ஆகியவை பற்றிய விதிகளை எளிய தமிழில் விளக்கித் துண்டுப் பிரசுரங்களாகவும் சிறு நூல்களாகவும் வெளியிட்டார்.

குணசிங்கவுடன் உறவும் பிரிவும்

1922 இல் ஏ. ஈ. குணசிங்க நிறுவிய இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் நடேசய்யர் இணைந்து, அதன் துணைத் தலைவரானார். கொழும்பு நகரில் சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே சங்கத்தில் நின்ற காலம் அது. ஆனால் 1928 இல் இருவரும் பிரிந்தனர். வேலையின்மை பெருகியபோது, குணசிங்கவின் இயக்கம் இந்தியத் தொழிலாளரைப் போட்டியாளராகக் கருதி, அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. இதே காலத்தில் டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமை தோட்டத் தொழிலாளருக்கும் கிடைத்தால் மலைநாட்டில் தம் செல்வாக்குக் குறையும் எனச் சிங்களத் தலைவர்கள் பலர் அஞ்சினர். அதன் விளைவாக, இந்திய வம்சாவளியினர் வாக்குரிமை பெறுவதற்குத் தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1931 இல் வாக்காளராகப் பதிவுபெற்றோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மட்டுமே.

தோட்டத் தொழிலாளர் சங்கம்

1931 இல் நடேசய்யர் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்து, குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்ட நேரம் அது. வேலையிழந்து ஊர் திரும்பியவர்களும் பலர். சங்கம் கூலிக்குறைப்பை எதிர்த்ததுடன், கங்காணி முறையையும் கண்டித்தது. தலைக்காசும் கடன் வட்டியும் பெற்று வாழ்ந்த பெரிய கங்காணிகளும், தோட்ட நிர்வாகங்களும் ஒருசேர இவரை எதிர்த்தனர். தம் இனத்தவரான கங்காணிகளைப் பகைத்துக்கொண்டது பிற்காலத்தில் இவருக்கு அரசியல் இழப்பாகவும் முடிந்தது.

அரசாங்க சபையில்

1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நடேசய்யர் 1947 வரை அங்கு உறுப்பினராக இருந்தார். 1937 இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்குரிமை மறுக்கப்பட்டபோது, இந்திய உறுப்பினர்கள் அதனை எதிர்த்தனர். 1939 இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்க முடிவுசெய்தது. அதற்கு எதிர்வினையாக, 1939 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்தியா தடைசெய்தது. நூறாண்டுக்கு மேலாகத் தொடர்ந்த இடப்பெயர்வு இவ்வாறு நின்றது. தடையின் சுமை தொழிலாளர் மீதே விழுந்தது. ஊரிலுள்ள உறவினரைப் பார்க்கச் சென்றால் மீண்டும் வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்தது.

இதே ஆண்டு சூலையில் சவகர்லால் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்திய காங்கிரசு உருவானது. அதன் தொழிற்சங்கம் 1940 முதல் தோட்டங்களில் விரைவாக வளர்ந்தது. அதற்கு வெளியே நின்ற நடேசய்யரின் சங்கம் வலுவிழந்தது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இவர் தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பர் 7 இல் காலமானார்.

இறப்பிற்குப் பின்

1946 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7.8 இலட்சம் பேர். நடேசய்யர் மறைந்து ஓராண்டுக்குள், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்ட போதிலும், சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாசுதிரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்டு நீலகிரி முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களே தீர்வு கண்டன.

எழுத்துப் பணி

நீ மயங்குவதேன், வெற்றி உனதே, அழகிய இலங்கை ஆகியவை இவர் எழுதிய நூல்களுள் சில. தொழிலாளர் அந்தரப் பிழைப்பு என்ற நாடகத்தை 1937 இல் எழுதினார். இவரது இராமசாமி சேர்வையின் சரிதம், மலையகத்தின் முதல் தமிழ்ச் சிறுகதை எனக் கருதப்படுகின்றது.

இவரது சங்கம் இவருடனேயே மறைந்தது. எனினும் துரையின் அனுமதியின்றித் தோட்ட எல்லையைக் கடந்து பேசவும், தொழிலாளியைச் சட்டத்தின் முன் உரிமையாளனாக நிறுத்தவும் முடியும் என இவர் காட்டிய வழியிலேயே பின்வந்த சங்கங்கள் அனைத்தும் நடந்தன. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இவரது வாழ்வையும் எழுத்துகளையும் மலையக ஆய்வாளர் சாரல்நாடன் தேடித் தொகுத்து நூல்களாக வெளியிட்டார். மலையக இலக்கியத்தின் வரலாறும் தொழிற்சங்க வரலாறும் நடேசய்யரிலிருந்தே தொடங்குவதாக இன்று கொள்ளப்படுகின்றது.