எழுத்தைச் செப்பனிட்டவர்

நுழையும்முன்
மொழி பேச்சில் பிறந்தது; எழுத்து அதற்குப் பின்னர் மனிதன் உருவாக்கிய கருவி. கருவி பழுதுபட்டால் செப்பனிடலாம் என்று எண்ணியவர்கள் எல்லா மொழிகளிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த தந்தை பெரியார். சமூகச் சீர்திருத்தவாதியாக நாம் அறிந்த அவரது வாழ்வில், எழுத்துச் சீர்திருத்தம் பெற்ற இடத்தை இப்பாடம் விளக்குகிறது.

ஒலியும் எழுத்தும்
திருப்பூரின் தெருக்களில் 'நிட்டிங்' என்னும் சொல் இல்லாத பெயர்ப்பலகைகள் குறைவு. அதைத் தமிழில் எழுதும்போது நகரத்தில் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போதோ ஒலிக்காத 'கே' என்னும் எழுத்தை முன்னே இடுகிறோம். பழைய ஆங்கிலத்தில் அவ்வெழுத்து ஒலிக்கப்பட்டது. 15-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு அச்சுக்கலை வந்தபின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது. பேச்சோ தொடர்ந்து மாறியது. ஒலி மறைந்த பின்னும் எழுத்து நின்றுவிட்டது. 'தோ', 'த்ரூ', 'காஃப்', 'ரஃப்' என நான்கு விதமாக முடியும் சொற்களின் இறுதியில் 'ஓ, யூ, ஜி, எச்' என்னும் அதே நான்கு எழுத்துகள் நிற்பதும் இத்தகைய வரலாற்றின் விளைவே.

ஏறத்தாழ 44 ஒலிகளை 26 எழுத்துகளால் எழுதும் மொழியைக் கற்பிப்பது எளிதன்று. எனவே 1886-ஆம் ஆண்டு பாரிஸில் மொழியாசிரியர்கள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினர். ஓர் ஒலிக்கு ஒரு குறி என்னும் நெறியில் அவ்வமைப்பு உருவாக்கிய ஒலிக்குறியீடுகளே இன்று பல அகராதிகளில் சொல்லுக்கு அருகில் இடம்பெறுகின்றன.

தமிழில் நிலைமை வேறு. 'கல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய சொற்களில் ககரம் ஒரே வகையாக ஒலிப்பதில்லை. ஆயினும் அது நிற்கும் இடமே அதன் ஒலியைக் காட்டிவிடுகிறது. தமிழில் இருந்த இடர்ப்பாடு எழுத்தின் வடிவத்தில் இருந்தது.

ஈரோட்டிலிருந்து பொதுவாழ்வுக்கு
பெரியார் 1879-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் வெங்கடப்பர், சின்னத்தாயம்மாள் ஆகியோரின் மகனாக ஈரோட்டில் பிறந்தார். பள்ளியில் அவர் பயின்றது சில ஆண்டுகளே. இளமையிலேயே தந்தையின் வணிகத்தில் ஈடுபட்டார். பின்னர் ஈரோடு நகராட்சியின் தலைவராகப் பணியாற்றினார். காங்கிரசில் சேர்ந்த காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். 1924-இல் வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார்.

1925-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஈரோட்டில் 'குடிஅரசு' வார இதழைத் தொடங்கினார். இதழ் நடத்தியவருக்கு அச்சுக்கூடத்தின் நடைமுறைகள் நன்கு தெரிந்திருந்தன. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லாகக் கோத்த காலம் அது. எழுத்து வடிவம் ஒன்று மிகுந்தால், அச்சுக்கோப்பவரின் பெட்டியில் அறை ஒன்று மிகும். எழுதப் பழகும் குழந்தையின் சுமையும் மிகும்.

எளிமைக்கு ஒரு வழி
'கா, சா, தா' என்பவற்றில் ஆகார ஒலியைக் காட்டுவது 'கால்' என்னும் ஒரே குறி. ஆனால் பழைய எழுத்துமுறையில் 'ணா, றா, னா' ஆகிய மூன்றும் இக்குறியைப் பெறாமல் கீழே வளைந்த தனி வடிவங்களைப் பெற்றிருந்தன. அதுபோலவே 'கை, சை, தை' என்பவற்றுக்கு ஒரு குறி இருக்க, 'ணை, லை, ளை, னை' ஆகிய நான்கு மட்டும் யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டன. ஒலி ஒன்றாயிருக்கக் குறி வேறாயிருந்தது. இவற்றுள் 'ணா, றா, னா' வடிவங்களால் 'ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ' என்னும் ஆறு எழுத்துகளும் பொதுமுறையிலிருந்து விலகி நின்றன.

ஒரே ஒலிக்கு ஒரே குறி போதும் என்றார் பெரியார். புதிய எழுத்து எதையும் அவர் படைக்கவில்லை. பிற எழுத்துகள் பெற்ற குறிகளையே இப்பதின்மூன்றுக்கும் வழங்கினார். 'ஐ', 'ஔ' ஆகியவற்றுக்கு மாற்றாக 'அய்', 'அவ்' என எழுதலாம் என்றும் முன்மொழிந்தார்.

தெரிந்து தெளிவோம்
ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிட்டு எழுதுவதில்லை. இதனால் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்துவது கடினமாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர், இவற்றின் நெடில்களுக்குத் தனி வடிவம் அமைத்து இக்குறையைப் போக்கினார்.

சொல்லும் செயலும்
1931-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அயல்நாட்டுப் பயணத்தில் பெரியார் துருக்கிக்கும் சென்றார். அந்நாடு 1928-ஆம் ஆண்டிலேயே அரபு எழுத்தை விடுத்து இலத்தீன் எழுத்துக்கு மாறியிருந்தது. ஒரு நாட்டின் எழுத்தையே மாற்ற அங்கு அரசின் ஆணை இருந்தது. பெரியாரிடம் இருந்தவை அச்சு இயந்திரமும் வாசகர்களுமே. 1935-ஆம் ஆண்டு தம் இதழில் சீர்திருத்த எழுத்துகளை நடைமுறைப்படுத்தினார். பின்னர் 'விடுதலை' நாளிதழும் அவ்வாறே வெளிவந்தது.

வழிவழி வந்த வடிவத்தில் கைவைக்கலாமா, பழைய நூல்களை வருங்காலத்தினர் படிக்க இயலுமா என்னும் ஐயங்கள் எழுந்தன. அவை பொருளற்றவை அல்ல. எழுத்து, தலைமுறைகளை இணைக்கும் பாலம் அன்றோ! எனினும் இம்மாற்றம் எந்தச் சொல்லின் ஒலியையும் பொருளையும் மாற்றவில்லை. புதிய வடிவத்தில் பயின்றவர், பழைய நூலில் அறிந்துகொள்ள வேண்டியவை ஏழு வடிவங்களே.

பள்ளிப் புத்தகங்கள் பழைய வடிவிலேயே அச்சான நீண்ட காலத்தில், பெரியாரின் ஏடுகளைப் படித்தவர்கள் இரு வடிவங்களையும் அறிந்திருந்தனர். பயன்பாடே இச்சீர்திருத்தத்தின் வலிமையான சான்றாயிற்று. ஆங்கிலத்துக்கும் இத்தகைய மாற்றத்தை விரும்பிய நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷா, புதிய எழுத்துமுறையை உருவாக்கத் தம் உயிலில் பணம் ஒதுக்கினார். அவர் மறைந்தபின் அவ்வெழுத்துமுறை உருவாகி, 1962-இல் அவரது நாடகம் ஒன்று அதில் அச்சாயிற்று. ஆனால் அது மக்கள் வழக்கில் நிலைபெறவில்லை. முற்றிலும் புதியதைக் கற்கச் சொல்வதற்கும், அறிந்த குறியை ஒழுங்காகப் பயன்படுத்தச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இது உணர்த்துகிறது.

நிலைத்த பணி
1973-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் பெரியார் மறைந்தார். அவரது நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு இச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. பதின்மூன்று எழுத்துகளும் புதிய வடிவம் பெற்றன. 'ஐ', 'ஔ' ஆகியவை இருந்தவாறே நின்றன. ஈரோட்டு இதழில் தொடங்கிய முயற்சி அரசு வழக்காக 43 ஆண்டுகள் ஆயின. அந்த வெற்றியைக் காண அதனைத் தொடங்கியவர் இல்லை.

வீட்டில் பழைய கடிதமோ கணக்குப் புத்தகமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'லை', 'னை' என்பவை துதிக்கை வளைவுடன் அங்கே காட்சி தரலாம். பின்னர் இப்பாடத்தின் தலைப்பை அடுத்துள்ள வரிகளை மீண்டும் நோக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் தனித்துத் தெரியாமல் கலந்திருக்கும் எளிய குறிகள், பள்ளியில் சில ஆண்டுகளே பயின்ற ஒருவர் பின்வரும் மாணவர்களுக்காகக் குறைத்துவைத்த சுமையின் அடையாளங்கள்.