ஆசாரிய ஜகதீச சந்திர வஸு

கீழப்பாவூரிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்குச் செல்லும் குடியானவர் ஒருவரின் மார்பில் இன்று கம்பிகளைப் பொருத்தி, இருதயத்தின் துடிப்பைக் காகிதத்திலே கோடாக வரைந்து காட்டுகின்றனர். அந்த யந்திரத்தின் அளவு பிசகாமல் காப்பதற்கென்றே தனியொரு தொழிலும் உண்டாகியிருக்கிறது. உயிரின் அசைவைக் கருவியால் அளக்கும் இவ்வித்தைக்கு நம் தேசத்தில் வழி திறந்தவர்களுள் தலையாயவர், ஜகதீச சந்திர வஸு. பாரதியார் தமிழருக்குப் பெருமையுடன் எடுத்துச் சொன்ன வங்கப் பெரியார்களுள் இவரும் ஒருவர்.

அவர் 1858 நவம்பர் 30-ம் தேதி பிறந்தார். தகப்பனார் பகவான் சந்திரர் சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆயினும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாது முதலில் வங்காளிப் பள்ளியிலேயே சேர்த்தார். பர்த்வானில் விஷ ஜுரத்தால் அநாதைகளான சிறுவர்களுக்காக அவர் தச்சுப் பட்டறையும் உலோகப் பட்டறையும் நடத்தினார். உளியும் அரமும் பிள்ளைக்குப் பழக்கமானது அங்கேதான். பிற்காலத்துப் பெருமைக்கெல்லாம் வித்து, கலாசாலையைவிட இப்பட்டறையே என்பது நமது கருத்து.

1880-ல் வைத்தியம் கற்க லண்டன் சென்ற ஜகதீசருக்கு ஜுரம் இடங்கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜில் சாஸ்திரம் கற்றுத் திரும்பி, 1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் ஆசிரியரானார். அக்காலத்தில் இந்திய ஆசிரியருக்கு வெள்ளையர் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். பதவி தற்காலிகமென்று காரணம் காட்டி, இவருக்கு அதிலும் பாதியே தந்தனர். அவர் சண்டையிடவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்று வருஷம் ஒரு காசும் வாங்காது பாடம் நடத்தினார். தகப்பனாரின் கடன் குடும்பத்தை அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. முடிவில் சர்க்கார் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியுடன் அளித்தது. அப்பணம் கடனுக்கே சென்றது.

ஆராய்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு அறை. சீமைக் கருவி வாங்கப் பணமில்லை. தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவரை அமர்த்தி, தாமே அருகிருந்து கருவிகளைச் செய்வித்தார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியில்லாமலே மின்னலைகளைச் செலுத்தி, தூரத்தில் மணி அடிக்கவும் வெடிமருந்து தீப்பற்றவும் செய்து காட்டியது இக்கருவிகளைக் கொண்டே. அதே வருஷம் ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த கதிரைச் சில வருஷங்களுக்குள் இவரும் கலாசாலையில் எழுப்பினார். டாக்டர் நீல்ரதன் சர்க்காரின் நோயாளிக்கு முதுகெலும்பைப் படம்பிடிக்கவும் அது உதவிற்று.

பிறகு அவர் கவனம் செடிகளின்பால் திரும்பிற்று. நம் குளக்கரைகளில் காணும் தொட்டாற்சுருங்கி, தீண்டியபின் எத்தனை நேரங் கழித்துச் சுருங்குகிறது? அந்த இடைவேளை, விநாடியின் சிறு பின்னம். இலை எழுதுகோலை இழுக்க வேண்டும். எழுதுகோல் கண்ணாடியில் உராய்ந்தாலோ இலையின் பலம் போதாது. ஆகவே கோல் ஓயாமல் அதிர்ந்து, புகை படிந்த கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு விலகிப் புள்ளி வைக்குமாறு அமைத்தார். உராய்வு ஒழிந்தது, புள்ளிகளை எண்ணினால் காலமும் கிடைத்தது. செடியின் வளர்ச்சியைக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவி, அசைவைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிற்று. அதன் காந்த வகை ஒரு கோடி மடங்கு வரை.

சீமைப் பண்டிதர்கள் எளிதில் ஒப்பவில்லை. 1901-ல் லண்டன் ராயல் சங்கத்தில், பௌதிகர் உயிர்நூலில் நுழையலாகாது என்று பர்டன் ஸாண்டர்ஸன் தடுத்தார். கட்டுரை அச்சேறாது நின்றது. கிரெஸ்கோகிராப் காட்டுவது மெய்தானா என்று வாலர் பின்னர் சந்தேகம் கிளப்பினார். வஸு வாதத்தில் இறங்கவில்லை. 1920 ஏப்ரலில் லண்டனிலேயே கருவியை நிறுத்தி இயக்கினார். ரேலி, பெய்லிஸ் முதலியோர் நேரில் பார்த்து, கருவி உண்மையே காட்டுகிறதென்று கையொப்பமிட்டனர். அவ்வருஷமே அச்சங்கம் அவரை அங்கத்தினராக்கிற்று. செடிக்கும் பிராணியைப் போல நரம்பு உண்டென்ற அவரது முடிவுகள் சில இன்றும் விவாதத்திலேயே இருக்கின்றன. கருவியின் நேர்த்தியைப் பற்றி விவாதமில்லை.

கண்டுபிடிப்பை விற்றுப் பொருள் சேர்ப்பதை அவர் விரும்பவில்லை. 1904-ல் அமெரிக்காவில் பெற்ற உரிமைப் பத்திரமும் நண்பர்களின் வற்புறுத்தலால் பெற்றதே. அதில் அவருக்கு நாட்டமிருந்திருந்தால் ஸ்தாபனத்துக்கு இன்னும் பொருள் சேர்ந்திருக்கும் என்பாரும் உளர். 1917-ல், தமது பிறந்த நாளன்று, கல்கத்தாவில் வஸு விஞ்ஞான மந்திரத்தைத் திறந்தார். அதன் பட்டறையில் இந்தியத் தொழிலாளர் கையாலேயே கருவிகள் உருவாயின. 1937 நவம்பர் 23-ம் தேதி கிரிதியில் அவர் காலமானபோது, எழுபத்தொன்பது நிறைய ஒரு வாரமே இருந்தது.