டேவிட் ஹஃப்மன்

திருப்பெரும்பூதூர் இராமாநுசர் பிறந்த ஊர். 1017ஆம் ஆண்டில் தோன்றிய அப்பெரியார், சில சொற்களில் பெரும்பொருளை அடக்கிய பிரம்ம சூத்திரத்திற்கு ஸ்ரீபாஷ்யம் என்னும் விரிவுரை கண்டார். சுருக்கி வைத்தலும் விரித்துரைத்தலும் நம் நாட்டார்க்குப் பழகிய நெறிகளே. இன்று அவ்வூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்துள்ளன. கைப்பேசி, தொலைக்காட்சிப் பெட்டி, சீருந்து முதலியன அங்கே உருவாகின்றன. இத்தகைய பொறிகளுள்ளும் சுருக்கலும் விரித்தலும் நிகழ்கின்றன. அதற்கு வழி வகுத்தவருள் ஒருவர் டேவிட் ஹஃப்மன்.

ஹஃப்மன் 1925ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். பதினெட்டாம் அகவையிலேயே மின்பொறியியலில் பட்டம் பெற்றார். பின்னர்க் கடற்படையில் பணியாற்றி மீண்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார்.

1951ஆம் ஆண்டு அங்கே இராபர்ட் ஃபானோ என்னும் பேராசிரியர் தம் மாணாக்கருக்கு இரு வழி காட்டினார். இறுதித் தேர்வு எழுதலாம். அன்றேல் ஓர் ஆய்வுக் கட்டுரை அளிக்கலாம். செய்தியை மிகக் குறைந்த குறிகளால் எழுதும் முறையைக் காண்பதே ஹஃப்மன் மேற்கொண்ட கட்டுரைப் பொருள். ஃபானோவும், கிளாடு ஷானன் என்ற பேரறிஞரும் முயன்றும் முற்ற விடை காணாத வினா அஃது என்பதை அவர் அறியார். திங்கள் பல உழைத்தும் பயனில்லை. தேர்வோ நெருங்கியது. மனம் சோர்ந்த அவர், தேர்வுக்கே படிக்கலாம் எனத் துணிந்து, குறிப்புத் தாள்களைக் குப்பையில் எறிய முற்பட்டார். அவ்வேளையில் விடை அவர் உள்ளத்தில் பளிச்சிட்டது.

கணினி அனைத்தையும் 0, 1 என்னும் இரு குறிகளால் எழுதும். பதினாறு எழுத்துள்ள ஒரு செய்தியில் நான்கு எழுத்துகள் 10, 3, 2, 1 என்னும் அளவில் வருவதாகக் கொள்வோம். எழுத்துக்கு இரண்டு குறி என வகுத்தால் 32 குறிகள் வேண்டும். ஹஃப்மன் மிக அருகி வரும் இரண்டனை இணைத்து ஒன்றாகக் கருதினார். மீண்டும் குறைந்த இரண்டனை இணைத்தார். பிறர் மேலிருந்து பிரித்துச் செல்ல, இவர் கீழிருந்து கட்டினார். இதன்படி மிகுந்து வரும் எழுத்து ஒரு குறியும், அடுத்தது இரண்டும், ஏனையவை மும்மூன்றும் பெறும். 25 குறிகளில் செய்தி அடங்கிவிடும்.

இம்முறை 1952ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தது. பிற்காலத்தில் எழுந்த ஜிஜிப் முதலிய சுருக்கு முறைகளில் இஃது ஓர் உறுப்பாயிற்று. இயங்குதளத்தின் உயிர்ப்பகுதியைக் கெர்னல் என்பர். 1991இல் தோன்றிய லினக்ஸ் கெர்னல் கைப்பேசிகள் பலவற்றில் இயங்குகிறது. அதன் கோப்பைச் சுருக்கியும் வைக்கலாம், சுருக்காமலும் வைக்கலாம். சுருக்கியது சிறிதளவு இடமே கொள்ளும். ஆயின், பொறியை முடுக்குந்தோறும் அதனை நினைவகத்தில் விரித்தல் வேண்டும். சுருக்காதது மிகுந்த இடம் கொள்ளும். ஆயின், விரிக்கும் வேலை இல்லை. இடம் அரிதாயின் முன்னதும், விரிக்கும் நேரம் அரிதாயின் பின்னதும் ஏற்றவை. உரையாசிரியர் சூத்திரத்தோடு தம் விளக்கத்தைச் சேர்ப்பார்; இங்கோ விரித்தபின் ஒரு குறியும் கூடுதலாகாது, குறைதலுமாகாது. ஒன்று பிழைப்பினும் பொறி இயங்காது போகலாம்.

ஹஃப்மன் தம் முறைக்குக் காப்புரிமை பெறவில்லை; யாவரும் அதனைப் பயன்படுத்தினர். 1967 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் ஆசிரியராய் விளங்கி, 1994இல் ஓய்வு பெற்று, 1999இல் மறைந்தார். எறிய எடுத்த தாளில் இருந்த உழைப்பே உலகிற்குப் பயன்பட்டது. முயற்சியைக் கைவிடும் எல்லையிலும் வெற்றி காத்திருக்கக்கூடும் என்பதை மாணவர் மறவாதிருத்தல் நன்று.