சொல்லச் சொல்ல எழுதப்பட்ட முதல் கதை: வை.மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்வும் இதழியல் பணியும்

தமிழ் நாவல் உலகில் பெண்களின் பெயர்கள் அரிதாக இருந்த காலத்தில், 115 நாவல்களை எழுதியதோடு மாத இதழ் ஒன்றையும் ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தியவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். நாவலாசிரியர், இதழாசிரியர், விடுதலைப் போராட்ட வீரர், மேடைப் பேச்சாளர், இசைக் கலைஞர் எனப் பல துறைகளில் அவர் தடம் பதித்தார்.

1901 டிசம்பர் 1 அன்று, வேங்கடாச்சாரி - பட்டம்மாள் தம்பதியரின் மகளாகப் பிறந்தார். அக்கால வழக்கப்படி, ஆறு வயதை எட்டும் முன்பே சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். 'வைத்தமாநிதி முடும்பை' என்னும் கணவரின் குடும்பப் பெயரே அவரது முன்னெழுத்துகளாயிற்று.

பள்ளிக்குச் சென்று பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், கதை சொல்வதில் தேர்ந்திருந்த அவரைக் கணவர் நாடகங்களுக்கு அழைத்துச் சென்று ஊக்குவித்தார். சரளமாக எழுதும் பயிற்சி இல்லாததால், தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாய்மொழியாகக் கூற, தோழி ஒருவர் எழுதித் தந்தார். 1924-இல் அந்நாடகம் நூலாக வெளிவந்தது. பின்னர் அவரே எழுதப் பயின்றார்.

1925-இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை வாங்கி நடத்தத் தொடங்கினார். அவரது முதல் நாவலான 'வைதேகி' அதில் தொடராக வந்தது. குழந்தை மணம், கைம்பெண் துயரம், வரதட்சிணை, மதுப்பழக்கம் ஆகியவற்றைக் குடும்பக் கதைகளின் வழியே அவர் கண்டித்தார். பெண் எழுதுவதை ஏற்காதோரிடமிருந்து ஏளனமும் எதிர்ப்பும் எழுந்தன. இதழ் அவர் கையிலேயே இருந்ததால், அவரது எழுத்தைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலவில்லை.

அதே ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்த பின், பட்டையும் ஆடம்பர அணிகலன்களையும் துறந்து கதராடைக்கு மாறினார். கள்ளுக்கடை, அந்நியத் துணிக்கடை மறியல்களில் பங்கேற்றுச் சிறை சென்றார். அக்காலத்தில் கணவர் இதழைத் தொய்வின்றிக் கவனித்துக்கொள்ள, சிறையிலும் அம்மையார் நாவல் எழுதினார்.

அவரது 'அநாதைப் பெண்' 1938-இல் திரைப்படமாயிற்று. 1956-இல் ஒரே மகன் சீனிவாசனை இழந்த துயரம் அவரது உடல்நலத்தைக் குலைத்தது. காசநோயால் தாம்பரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1960 பிப்ரவரி 20 அன்று காலமானார். அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 'தயாநிதி' நாவல் 'சித்தி' என்ற பெயரில் திரைக்கு வந்தது.