இரண்டாயிரம் ரூபாய்க் காரும் ஜி. டி. நாயுடுவும்

நெய்வேலி நகரியத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். என் தந்தையார் சுரங்கத்தின் இயந்திரப் பணிமனையில் தொழிலாளி. மண்ணை மலைபோல் வெட்டிக் குவிக்கும் ஜெர்மானிய இயந்திரங்களோடு பழகிய அவர், வீட்டிலே ஓயாமல் சொல்லும் பெயர் ஜி. டி. நாயுடு. சிறுவனாக இருந்தபோது அப்பெயரைக் கேட்டாலே எனக்குச் சலிப்பு. இன்று அவரைப் பற்றி நானே பேனா பிடித்திருக்கிறேன்!

கோவையை அடுத்த கலங்கல் எனும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் அவர். பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் மனத்தைக் கொள்ளை கொண்டது. அதுபோன்ற வண்டியை வாங்கியே தீருவதென்று கோவைக்குச் சென்று, உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை. அக்கக்காகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவருக்குப் பொறியியற் கல்லூரி அதுதான்.

1920இல் ஒரே ஒரு பேருந்து. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டி யூ.எம்.எஸ். எனும் பெரும் நிறுவனமாயிற்று. 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானதில் அவர் பங்கு பெரிது. முகம் மழிக்கும் மின்கருவி, பருத்தி ஆராய்ச்சி என்று அவர் கை வைக்காத துறை குறைவு.

எனினும் என் தந்தையார் சொல்லிச் சொல்லி மாய்ந்தது 1952ஐப் பற்றித்தான். அவ்வாண்டு நாயுடு இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய்தான்! தொழில் தொடங்க மைய அரசின் உரிமம் வேண்டும் என்ற 1951ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த காலம் அது. உரிமம் கிடைக்கவில்லை, கார் உற்பத்திக்கு வரவேயில்லை. அமெரிக்காவில் டக்கர் என்பாரின் காராவது 1948இல் ஐம்பத்தொன்று வரை செய்யப்பட்டது. நம்மவர் காருக்கு அந்தப் பேறும் இல்லை. நடுத்தரக் குடும்பத்தார் சிறிய காரைக் கண்ணால் காண 1983இல் மாருதி வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. 1974 சனவரி 4ஆம் நாள் மறைந்த நாயுடு அதைக் காணவில்லை.

அரசுக்கும் தன் நியாயம் இருந்திருக்கலாம். இரும்புக்கும் அந்நியச் செலாவணிக்கும் தட்டுப்பாடான நாட்கள் அவை. இப்படி நான் ஒருமுறை சொன்னபோது தந்தையார் பதில் பேசாமல் கொல்லைப்புறம் போய்விட்டார்.

அங்கேதான் அந்த வண்டி நிற்கிறது. இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாத என் அத்தைக்காக, பழைய மொபெட் எஞ்சினைப் பொருத்தி அவர் செய்த மூன்று சக்கர வண்டி. பதிவு செய்ய இயலாதென்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தை அதில் குடியிருப்புத் தெருவின் கோடிவரை ஒரே ஒருநாள் போய்வந்தார். ஞாயிறுதோறும் தந்தையார் அதற்கு எண்ணெய் போடுகிறார்.