தேகப் பயிற்சி ஆசான் பிஷ்ணு சரண் கோஷ்

கார்டன் ரீச்சில் உள்ள தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம், முற்காலத்தில் பெங்கால் நாக்பூர் ரயில்வேக் கம்பெனிக்கு உரியதாக இருந்ததென்பதை நம் காலனி அன்பர்கள் அறிவர். அக்கம்பெனியில் உயர்பதவி வகித்தவர் பகவதி சரண் கோஷ் என்னும் வங்காளப் பெரியவர். அவர் ஓய்வு பெற்ற பின்னர்க் கணக்குகளைச் சோதிக்க வந்த ஆங்கிலேயர் ஒருவர், அவர் தமக்குரிய போனஸை ஒருமுறையேனும் கேட்டுப் பெற்றதில்லை எனக் கண்டார். கம்பெனியார் நிலுவைத் தொகையாக ரூ. 1,25,000 வழங்கினர். அதைப் பற்றி அப்பெரியவர் வீட்டில் எவரிடமும் வாய் திறந்தாரில்லை! பாங்குக் கணக்குத் தாளில் அப்பெருந்தொகையைக் கண்டு திகைத்துத் தந்தையை வினவியவர் அவருடைய கடைசி மகன். பயணப்படி ஒரு மாதம் தாமதித்தால் உறக்கம் கெடும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இவ்வரலாறு கதை போலவே தோன்றும்.

அந்தக் கடைசி மகனே பிஷ்ணு சரண் கோஷ். பரமஹம்ஸ யோகானந்தர் என உலகறிந்தவர் இவருடைய தமையனார்.

1903-ஆம் ஆண்டு லாகூரில், மக்கள் எண்மருள் இளையவராகப் பிறந்தார் பிஷ்ணு. ஒரு வயது நிறையும் முன்னரே, 1904-இல், தாயை இழந்தார். தந்தையார் மறுமணம் புரியாது மக்களை வளர்த்தார். 1918-இல் யோகானந்தர் ராஞ்சியில் நிலைநாட்டிய பள்ளியில் சிறுவர் பிஷ்ணு பயின்றார். கருவி எதுவும் இன்றி, மனத்தின் கட்டளையாலேயே ஒவ்வோர் உறுப்பையும் இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அங்கே கற்பிக்கப்பட்டது. பின்னர்க் கல்கத்தாவில் ராஜேன் குஹ தாகுர்தா என்னும் ஆசிரியரிடம் பளு தூக்கும் வித்தையைக் கற்றார். வங்காளி பேனா பிடிக்கவே பிறந்தவன், உடல் வலிமையற்றவன் என்று வெள்ளையர் இகழ்ந்து வந்த காலம் அது. தெருத்தோறும் உடற்பயிற்சிக் கழகங்கள் தோன்றியதற்கு அவ்விகழ்ச்சியும் ஒரு காரணம் எனலாம்.

1923-இல், இருபது வயதிலேயே, கல்கத்தாவில் ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். கோஷ் குடும்பத்தார் வாழ்ந்தது கர்பார் வீதியில். திரைப்பட மேதை சத்யஜித் ராய் 1921-இல் பிறந்த வீடும் அவ்வீதியிலேயே இருந்தது என்பது இடையில் ஒரு செய்தி. 1930-இல் கேசவ சந்திர சென் குப்தாவுடன் சேர்ந்து, தசைகளை விருப்பம்போல் இயக்கும் முறையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அவர் மாணாக்கர் மேடையில் இரும்பை வளைத்தனர்; மார்பின்மேல் மோட்டார் வண்டியை ஓடச் செய்தனர். ரேபா ரக்ஷித் என்னும் மாணவி மார்பில் யானையையே தாங்கிப் புகழ் பெற்றார். மற்றொரு மாணவர் மனோதோஷ் ராய் 1951-இல் லண்டன் உலக ஆணழகன் போட்டியில் தம் பிரிவில் வென்றார். மகளிருக்கும் கதவைத் திறந்தது பாராட்டுக்குரியது. எனினும், யானை வித்தையால் நமக்கு ஆகப்போவது யாது?

என் கருத்தில் அவருடைய பெருமை வேறிடத்தில் உள்ளது. பலசாலிகளை உருவாக்கிய அதே ஆசான் நோயாளிகளையும் நாடி வரச் செய்தார். முதுகு வலி, அஜீரணம், மூச்சிரைப்பு என வந்தவர்க்கெல்லாம் ஒரே பாடத்தை நடத்தாமல், அவரவர் குறைக்கேற்பச் சில ஆசனங்களையும் எளிய பயிற்சிகளையும் வகுத்தளித்தார். முதுகெலும்பைப் பின்னும் முன்னும் வளைக்கும் ஆசனங்களுக்கு அதில் சிறப்பிடம் உண்டு.

இதன் அருமையை நான் உணர்ந்தது என் இடுப்பினால்! மூன்றாண்டுகளுக்கு முன், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்ததன் பலனாக நிமிர இயலாமற் போயிற்று. கைராப்ராக்டிக் என்னும் முறையில் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர் செய்பவர் ஒருவரிடம் சென்றேன். 1895-இல் அமெரிக்காவில் பால்மர் என்பவர் தொடங்கிய முறை இது. நம்மூரில் சுளுக்கு வழிப்பவரை ஒருவாறு ஒத்தது. சொடக்கு எடுத்ததும் சுகமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் வலி திரும்பியது. அடுத்த வீட்டு வங்காள முதியவர் என்னை டாக்டரிடம் அனுப்பி, நரம்பில் கோளாறில்லை என்று உறுதியான பின்னரே, புஜங்காசனம் முதலிய மூன்றைக் கற்பித்தார். கோஷின் பெயரை முதன்முதலில் கூறியவரும் அவரே.

காரணம் எளியது. முதுகெலும்புகளிடையே உள்ள தட்டுகளுக்கு நேரான இரத்த ஓட்டம் மிகக் குறைவு. உடல் அசைவதனாலேயே அவை ஊட்டம் பெறுகின்றன. தண்டைத் தாங்குபவை சுற்றியுள்ள தசைகள். பிறர் கை இறுக்கத்தைத் தளர்த்தலாம். ஆனால் நம் தசைக்கு வலுவேற்ற அதனால் ஆகாது. கால் மரத்துப்போதல், வலுவிழத்தல், சிறுநீர் அடங்காமை இருப்பின் ஆசனமும் வேண்டா, சொடக்கும் வேண்டா. உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். நடைபாதை நாவிதரிடம் கழுத்தை வெடுக்கெனத் திருப்பிக்கொள்ளும் வழக்கமும் ஆபத்தானது. அரிதாக மூளைக்குச் செல்லும் குழாய் கிழிவதுண்டு.

1935-இல் யோகானந்தர் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது, ஹௌரா நிலையத்தில் திரண்ட வரவேற்புக் குழுவின் முன்னணியில் நின்றவர் இத்தம்பியார். 1939-இல் தாமும் அமெரிக்கா சென்று தம் முறையை அங்குள்ளோர்க்கு விளக்கினார். மாணவரும் மருமகனுமான புத்த போஸ் ஆசனங்களைப் பற்றி நூல் எழுதினார். கோஷ் 1970-இல் கல்கத்தாவில் காலமானார். அதன்பின் அவர் மகன் பிஸ்வநாத் கோஷ் கல்லூரிப் பொறுப்பை ஏற்று, வலியோடு வருவோர்க்குத் தந்தையின் முறைப்படியே பயிற்சி அளித்து வந்தார்.